கண்ணின் காவலர்கள் – பகுதி 4: நீலம் சுமந்து வந்தவை

இந்தத் தொடரின் முதல் பகுதியில், ஜெர்மனியின் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் உருவான லேசர் நுண்ணோக்கியைப் பார்த்தோம். நோயாளி தாடையை ஊன்றி உட்கார்ந்திருப்பார். கத்தி படாமலே அவருடைய கருவிழிப்படலமாகிய கார்னியாவுக்குள் இருக்கும் செல்களை அந்தக் கருவி படம் பிடிக்கும். ஒரு படம் 400 மைக்ரான் நீளம், 400 மைக்ரான் அகலம். அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நோயுற்ற ஒரு கண்ணில், அந்தச் சிறு சதுரத்துக்குள்ளேயே நரம்பிழைகளும், அவற்றுக்கு நடுவே கிளைவிட்ட உடலோடு நோயெதிர்ப்பு செல்களும் பளிச்சென்று தெரிந்தன.

இரண்டாம் பகுதி கார்னியாவின் அமைப்பைப் பற்றியது. நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். ஒரு ரத்த நாளம்கூடக் கிடையாது. நரம்புகளோ, உடலின் வேறெந்தப் பரப்பிலும் இல்லாத அடர்த்தியில்.

மூன்றாம் பகுதியில் பெர்லின் சென்று ருடால்ஃப் விர்ஷோவின் வகுப்பறையில் நின்றோம். 1858-இல் அங்கே அவர் ஆற்றிய 20 சொற்பொழிவுகள் மருத்துவத்தைப் புரட்டிப் போட்டன. உடலில் ஓடும் நீர்மங்கள் கெடுவதுதான் நோய் என்ற பழைய எண்ணம் போனது. நோயைச் செல்லுக்குள் தேட வேண்டும், ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல்லிலிருந்தே பிறக்கிறது என்ற கொள்கை நிலைபெற்றது.

இந்த வாரம், அந்த வகுப்பறை இருந்த அதே நோயியல் நிலையத்தில், விர்ஷோவின் சொந்த உதவியாளர் ஒருவர், தவளையின் கண்ணைச் சாட்சிக்கு அழைத்து ஆசானின் கணக்கைத் திருத்திய கதை.

* * *

அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?

கதைக்குள் போகும் முன், இந்தச் சண்டை எதைப் பற்றியது என்று நம் ஊர்க் கண்ணில் பார்த்துவிடுவோம்.

நெல் அறுவடையின்போது உமி தெறித்தோ, சோளத்தோகை கீறியோ ஒருவருக்குக் கண் சிவக்கிறது. கரகரக்கிறது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டொரு நாளில் கருவிழியின் மேல் வெள்ளையாக ஒரு புள்ளி தோன்றிப் பரவுகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கார்னியா புண்ணோடு வந்த 434 பேரைப் பற்றிய ஆய்வு 1997-இல் வெளியானது. கிருமி இன்னதென்று கண்டுபிடிக்க முடிந்தவர்களில் பாதிக்கு நெருங்கியவர்களுக்குப் பூஞ்சைதான் காரணம். வயலும் கண்ணும் சந்திக்கும் நோய் இது.

அந்த வெள்ளைப் புள்ளி என்ன? கிருமிதான் அப்படித் தெரிகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கிருமியும் உண்டு. ஆனால் பெரும்பகுதி, அதை எதிர்க்கக் குவிந்த வெள்ளணுக்கள். உடலின் சொந்தப் படை. புண் ஆறிய பிறகும் தழும்பு வெள்ளையாக நின்றுவிட்டால், “கண்ணில் பூ விழுந்துவிட்டது” என்கிறோம்.

இன்று இதைச் சொல்ல ஒரு வரி போதும். 1860-களின் தொடக்கத்தில் இதை உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. கார்னியாவில் ரத்த நாளமே இல்லை. பிறகு அந்த வெள்ளை, அதாவது சீழ், எங்கிருந்து வந்தது?

* * *

விர்ஷோவின் சாட்சி

விர்ஷோவுக்கு இந்தக் கேள்வி ஒரு சிக்கலாகவே படவில்லை. அவருக்கு அதுதான் சான்று.

அவருடைய வாதம் இப்படிப் போகிறது. சாதாரணத் தசையிலோ தோலிலோ அழற்சி வந்தால், ரத்த நாளங்கள் விரிகின்றன, இடம் சிவக்கிறது, சீழ் வருகிறது. அங்கே சீழ் ரத்தத்திலிருந்து வந்ததா, திசுவிலிருந்தே பிறந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எனவே ரத்தமே இல்லாத திசுவைப் பார்க்க வேண்டும். கார்னியா அப்படிப்பட்டது. குருத்தெலும்பும் அப்படித்தான். ஆறும் குளமும் இல்லாத ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் தண்ணீர் நின்றால், அது அந்த மண்ணில் ஊறியது என்றுதானே சொல்வோம்? கார்னியாவுக்குள் பிறவியிலிருந்தே கிடக்கும் செல்கள் எரிச்சலூட்டப்பட்டால் வீங்கிப் பெருகுகின்றன. பெருகிய பிள்ளைகள்தாம் சீழ் செல்கள். இதுதான் விர்ஷோ சொன்னது. வில்ஹெல்ம் ஹிஸ் என்ற அவருடைய மாணவர் 1856-இல் கார்னியாவைப் பற்றி எழுதிய நூலும் இதற்குத் துணை நின்றது.

எதிர்த்துப் பேச அன்று யாரும் துணியவில்லை என்று மட்டும் சொன்னால் விர்ஷோவுக்கு நியாயம் செய்ததாகாது. அந்த வாதம் உண்மையிலேயே அழகானது. எளிமையானது. ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல்லிலிருந்தே என்ற அவருடைய பெரிய கொள்கையோடு இம்மியும் பிசகாமல் பொருந்தியது.

மனிதராகவும் அவர் லேசுப்பட்டவர் அல்லர். 1848-இல் மேல் சிலீசியாவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலுக்கு வறுமையும் அரசின் அலட்சியமும்தான் காரணம் என்று அரசுக்கே அறிக்கை எழுதியவர். 1865-இல் பிஸ்மார்க் அவரை ஒற்றைக்கொற்றைச் சண்டைக்கு அழைத்தார், விர்ஷோ மறுத்துவிட்டார். பிரஷ்யாவின் பிரதமரையே அந்த அளவுக்குக் கோபப்படுத்தக்கூடிய ஒருவரின் கீழ் வேலை பார்த்துக்கொண்டு, அவர் கருத்தையே சோதித்துப் பார்ப்பது எளிதா?

* * *

நகர்கிறதே!

முதல் விரிசல் 1863-இல் விழுந்தது. விழ வைத்தவரும் விர்ஷோவின் உதவியாளர்தான். பெயர் ஃப்ரீட்ரிஷ் ஃபான் ரெக்லிங்ஹௌசன்.

அதுவரை நுண்ணோக்கியில் பார்த்த கார்னியா எல்லாம் செத்த கார்னியா. அமிலத்தில் ஊறவைத்து, கெட்டிப்படுத்தி, சீவி எடுத்தவை. ரெக்லிங்ஹௌசன் தவளையின் கார்னியாவை எடுத்து, காய்ந்துவிடாமல் ஈரமான சிறு அறைக்குள் வைத்து, உயிரோடு பார்த்தார்.

அங்கே இரண்டு வகை செல்கள் இருந்தன. ஒரு வகை, கிளைகள் விரித்து இடத்தைவிட்டு அசையாமல் கிடந்தது. மற்றது உடலை நீட்டியது, குறுக்கியது, சந்துகளுக்குள் நுழைந்தது, இடம் மாறியது. அவற்றுக்கு ‘அலையும் செல்கள்’ என்று பெயர் வைத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு திசுவுக்குள் செல்கள் ஊர்ந்து போகும் என்பது அன்று பழக்கமில்லாத எண்ணம். செல்லைக் கட்டடத்தின் செங்கல்லாக எண்ணிய காலம் அது. ஊரும் என்றால் இன்னொரு கேள்வியும் கூடவே எழுந்தாக வேண்டும்: எங்கிருந்து ஊர்ந்து வந்தது?

அந்தக் கேள்வி தீராமலே நின்றது. ரெக்லிங்ஹௌசன் பெர்லினைவிட்டு கோனிக்ஸ்பெர்குக்குப் பேராசிரியராகப் போனார்.

* * *

விளிம்பில் தொடங்கிய வெண்மை

யூலியுஸ் கோன்ஹைம் 1839-இல் பொமரேனியாவின் டெம்மின் ஊரில் பிறந்தவர். விர்ஷோவும் பொமரேனியாக்காரர்தான். 1864-இல் டென்மார்க்கோடு நடந்த போரில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். அதே ஆண்டு விர்ஷோவிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

அவர் செய்த சோதனை எளிமையானது. தவளையின் கார்னியாவின் நடுவில் வெள்ளி நைட்ரேட் குச்சியால் லேசாகத் தொட்டார். திசு அந்த இடத்தில் வெந்துபோகும். பிறகு அழற்சி வரும், வெண்மை பரவும், சீழ் செல்கள் குவியும். இதுவரை எல்லோரும் செய்ததுதான்.

கோன்ஹைம் செய்த புதிய காரியம், வெண்மை எந்த இடத்தில் முதலில் தோன்றுகிறது என்று பொறுமையாகக் கவனித்தது.

விர்ஷோ சொன்னது சரியென்றால், புண்பட்ட நடுப்பகுதியைச் சுற்றித்தான் வெண்மை தொடங்க வேண்டும். எரிச்சல் அங்கேதான், அங்கே கிடக்கும் செல்கள்தாம் முதலில் பெருக வேண்டும்.

வெண்மை அங்கே தொடங்கவில்லை. கார்னியாவின் விளிம்பில், விழியின் வெள்ளைப் பகுதியோடு சேரும் ஓரத்தில் தொடங்கியது. அங்கிருந்து மெல்ல மெல்ல நடுவை நோக்கி முன்னேறியது.

விளிம்பில் என்ன இருக்கிறது? ரத்த நாளங்கள். கார்னியாவுக்குள் நுழையாமல் அதன் எல்லையில் வந்து வளையமாக நிற்கும் நாளங்கள்.

இந்தச் சண்டையின் திருப்புமுனை எது என்று கேட்டால், பலரும் அடுத்துவரும் நீலச் சாயத்தைத்தான் சொல்வார்கள். நான் இந்த விளிம்பைச் சொல்வேன். சாயமும் இல்லை, புதுக் கருவியும் இல்லை. கண்ணால் பார்த்தாலே தெரியக்கூடிய ஒன்று. புண்பட்ட கார்னியாவை அதற்கு முன்பும் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். விடை முன்கூட்டியே தெரிந்துவிட்டதாக நினைத்தவர்களுக்கு, தொடக்கம் எங்கே என்று பார்க்கத் தேவை ஏற்படவில்லை.

அடுத்ததாக, கார்னியாவுக்குச் சொந்தமான அந்த அசையாத செல்கள் என்ன ஆயின என்று கோன்ஹைம் தேடினார். சீழ் செல்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்திலும் அவை பழைய வடிவம் மாறாமல், அதே கிளைகளோடு கிடந்தன. பெருகிப் பிள்ளை பெற்றதற்கான அடையாளம் அவற்றில் இல்லை.

* * *

நீலம்

சந்தேகம் இருந்தது. சான்று வேண்டும்.

ரத்தத்தில் ஓடும் வெள்ளணுவும் கார்னியாவில் கிடைக்கும் சீழ் செல்லும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றுதான் மற்றொன்றாக வந்தது என்று எப்படி நிரூபிப்பது? வெள்ளணுவின் மேல் ஒரு குறி போட வேண்டும். பிறகு, குறி போட்ட செல் கார்னியாவில் வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெள்ளணுக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிர்ப்படும் துகளை விழுங்கும். அந்தப் பழக்கத்தையே கோன்ஹைம் பயன்படுத்திக்கொண்டார். அனிலின் நீலம் என்ற சாயத்தை மிக நுண்ணிய துகள்களாக்கி, தவளையின் முதுகுப்புற நிணநீர்ப் பைக்குள் செலுத்தினார். வெள்ளணுக்கள் சில அதை விழுங்கி, வயிற்றில் நீலப் புள்ளிகளோடு ரத்தத்தில் சுற்றத் தொடங்கின. கண்ணுக்குள் அவர் எதையும் செலுத்தவில்லை.

பிறகு கார்னியாவைச் சுட்டு அழற்சி உண்டாக்கினார். காத்திருந்தார். வெண்மை விளிம்பிலிருந்து நடுவுக்கு நகர்ந்தது. கார்னியாவை வெட்டியெடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்.

சீழ் செல்களுக்கு நடுவே நீலப் புள்ளிகளோடு செல்கள் நின்றன.

முதுகில் செலுத்திய நீலம் கண்ணுக்குள் நிற்கிறது. ரத்த நாளமே இல்லாத திசுவின் நடுவில் நிற்கிறது. அதுவும் தனியாக வரவில்லை. ஒரு செல்லின் உடலுக்குள் அமர்ந்து வந்திருக்கிறது.

ஓர் உயிரினத்தின் நோயெதிர்ப்பு செல்லுக்கு அடையாளம் இட்டு, அது உடலில் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்த முன்னோடிச் சோதனைகளில் இதுவும் ஒன்று. இன்று எலியின் செல்களை ஒளிரும் புரதத்தால் மினுங்க வைத்து, உயிருள்ள கண்ணில் அவை ஊர்வதைப் படமெடுக்கிறார்கள். சாயமும் கருவியும் மாறியிருக்கின்றன. யோசனை கோன்ஹைமுடையதுதான்.

ஆனால் நேர்மையான ஓர் எதிரி இங்கே இரண்டு கேள்விகள் கேட்கலாம். எல்லா சீழ் செல்களிலும் நீலம் இல்லையே. நீலமில்லாதவை கார்னியாவிலேயே பிறந்தவையாக இருக்கக் கூடாதா? அல்லது சாயத்துகள் தானாகக் கசிந்து வந்து, கார்னியாவின் சொந்த செல்களே அதை விழுங்கியிருக்கலாமே? இவற்றுக்கு வெட்டியெடுத்த திசுவை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. செல் நாளத்தைவிட்டு வெளியேறும் அந்தக் கணத்தையே பார்த்தாக வேண்டும்.

* * *

சுவரைக் கடந்தது

கார்னியாவை விட்டுவிட்டு கோன்ஹைம் தவளையின் குடலுக்குப் போனார். குடலைத் தாங்கிப் பிடித்திருக்கும் சவ்வு மிக மெல்லியது, ஒளி ஊடுருவும். அதில் ரத்த நாளங்கள் வரைந்து வைத்ததுபோலத் தெரியும். தவளை அசையாமல் இருக்க குராரே என்ற தென்னமெரிக்க அம்பு விஷத்தைக் கொடுத்தார். வயிற்றைத் திறந்து, அந்தச் சவ்வை நுண்ணோக்கியின் கீழ் விரித்தார். தனியாக எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. காற்று படுவதே அழற்சிக்குப் போதும்.

முதலில் நாளங்கள் விரிந்தன. ரத்தம் வேகமாக ஓடியது. பிறகு ஓட்டம் தளர்ந்தது.

நடுவில் சிவப்பணுக்கள் ஓடிக்கொண்டிருக்க, வெள்ளணுக்கள் சிரையின் ஓரத்துக்கு ஒதுங்கின. சுவரின் உட்புறத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நின்றன. சற்று நேரத்தில் சுவரின் உட்பக்கம் முழுதும் வெள்ளணுக்கள் வரிசை கட்டிவிட்டன.

அதன் பிறகு நாளத்தின் வெளிப்புறத்தில் ஒரு சிறு மொட்டு தோன்றியது.

மொட்டு பெரிதாயிற்று. உள்ளே இருந்த உடல் சிறுத்தது, வெளியே இருந்த உடல் பருத்தது. இரண்டையும் ஒரு மெல்லிய காம்பு இணைத்திருந்தது. கடைசியில் காம்பும் சுவரைவிட்டு விடுபட்டது. முழு செல் நாளத்துக்கு வெளியே கிடந்தது. உடலை நீட்டியது. ஊர்ந்து போனது.

மணிக்கணக்கில் பார்த்தால், சிரையைச் சுற்றிலும் இப்படி வெளியேறிய செல்கள் குவிந்துகொண்டே இருந்தன. சுவர் கிழியவில்லை. ரத்தம் பீறிடவில்லை. உடையாத சுவரைக் கடந்து செல்கள் வெளியே வந்தன.

* * *

ஆசானின் பத்திரிகையில்

‘அழற்சியும் சீழ்ப்பிடிப்பும் பற்றி’ என்ற அந்தக் கட்டுரை 1867-இல் வெளியானது. வெளியிட்டது விர்ஷோ 1847-இல் தொடங்கிய அவருடைய சொந்தப் பத்திரிகை. தன் கருத்தின் வேரில் கை வைக்கும் கட்டுரையைத் தன் பத்திரிகையிலேயே ஒருவர் அச்சிடுகிறார். அந்தப் பெருந்தன்மையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

வெள்ளணு நாளத்தைவிட்டு வெளியேறுவதை முதலில் பார்த்தவர் கோன்ஹைம் அல்லர். இங்கிலாந்தில் வில்லியம் அடிசன் 1843-இலும், அகஸ்டஸ் வாலர் 1846-இலும் அதை எழுதியிருந்தார்கள். யாரும் பொருட்படுத்தவில்லை. அவர்கள் பார்த்தபோது அதற்குப் பின்னால் ஒரு கேள்வி காத்திருக்கவில்லை. கோன்ஹைம் பார்த்தபோது, ஐரோப்பாவின் மிகப் பெரிய மருத்துவ அறிஞரின் கொள்கையே அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சண்டை ஒரே நாளில் ஓயவுமில்லை. வியன்னாவில் சாலமன் ஸ்ட்ரிக்கர் கார்னியாவின் சொந்த செல்களே சீழாகின்றன என்று 1870-களிலும் பிடிவாதமாக வாதிட்டார். தவளைக் கண்ணை இரு தரப்பும் மாற்றி மாற்றிச் சுட்டார்கள். ஆனால் வழக்கு கோன்ஹைம் பக்கம் சாய்ந்துவிட்டது. அழற்சி என்றால் ரத்த நாளத்தின் சுவரில் நடக்கும் மாற்றம், வெள்ளணுக்களின் வெளியேற்றம் என்பது பாடநூலுக்குள் ஏறியது. 1868-இல் கோன்ஹைம் கீல் நகரத்தில் பேராசிரியரானார். பிறகு பிரெஸ்லௌ, பிறகு லைப்ஸிக். 1876-இல் ஆந்த்ராக்ஸ் கிருமியோடு பிரெஸ்லௌவுக்கு வந்த ராபர்ட் கோக் என்ற சிற்றூர் மருத்துவரின் வேலை எவ்வளவு பெரியது என்று உடனே உணர்ந்தவர்களில் அவரும் ஒருவர். 45 வயதில், 1884-இல் இறந்தார்.

அவர் கண்டுபிடித்ததன் நிழல் மதுரைவரை நீள்கிறது. கண்ணில் குவியும் படை வெளியிலிருந்து வருகிறது என்றால், அது கிருமியை மட்டுமா தாக்கும்? கார்னியாவையும் சேர்த்து அரித்துத் தழும்பாக்குகிறதே. அந்தப் படையைக் கொஞ்சம் அடக்கினால் பார்வை மிஞ்சுமா? பாக்டீரியாப் புண்ணுக்குக் கிருமிக்கொல்லிச் சொட்டு மருந்தோடு, அந்தப் படையை அடக்கும் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. 500 நோயாளிகள், பெரும்பாலோர் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் சேர்ந்த நம் மக்கள். மூன்று மாத முடிவில், மொத்தத்தில் பார்வையில் வித்தியாசம் இல்லை. எந்தச் செல்லை எப்போது அடக்குவது என்ற கேள்வி, அந்தச் செல்களை உயிருள்ள கண்ணில் நேரில் பார்க்காமல் தீரப்போவதில்லை.

* * *

தங்கம்

கோன்ஹைம் அதே 1867-இல் கார்னியாவைப் பற்றி இன்னொரு கட்டுரையும் வெளியிட்டார். அது சீழைப் பற்றியதல்ல, நரம்பைப் பற்றியது.

கார்னியாவின் நரம்புகள் எங்கே முடிகின்றன என்று அன்று யாருக்கும் தெளிவில்லை. கண்ணில் தூசி பட்டால் உயிர் போகிற வலி. ஆனால் அந்த வலியை உணரும் நுனிகளைக் காணோம். கோன்ஹைம் தங்கக் குளோரைடு என்ற உப்பை நீரில் மிகக் குறைவாகக் கரைத்து, அதில் கார்னியாவை ஊற வைத்து, வெளிச்சத்தில் வைத்தார். தங்கம் நரம்பின் மேல் படிந்து கருஞ்சிவப்பாக நிறம் காட்டியது. மேற்படலத்தின் செல்களுக்கு நடுவே நுழைந்து, பரப்புக்கு அருகில் வரை ஏறிச் செல்லும் நரம்பிழைகள் முதல்முறையாகத் துலங்கின.

ஒரே ஆண்டில் ஒரே மனிதர், ஒரே திசுவில், வெள்ளணுக்களையும் நரம்புகளையும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து அவர் யோசிக்கவில்லை. 2011-இல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் தொற்றுக்கண்ட கார்னியாக்களை உயிருள்ள கண்ணிலேயே படமெடுத்து எண்ணினார்கள்: கிளைவிட்ட நோயெதிர்ப்பு செல்கள் கூடக்கூட நரம்பிழைகள் குறைந்துகொண்டே போயின. கோன்ஹைமின் இரு கட்டுரைகளும் ஒன்றையொன்று சந்திக்க 144 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

தங்கத்தின் கதை அதோடு முடியவில்லை. அந்த முறையை அதே நிலையத்தில் ஒரு மருத்துவ மாணவர் எடுத்துக்கொண்டார். பெயர் பவுல் லாங்கர்ஹான்ஸ். கணையத்தின் லாங்கர்ஹான் திட்டுகளைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள், அவரேதான். திட்டுகளைக் கண்டது 1869-இல். அதற்கு முந்தைய ஆண்டு, கார்னியாவில் வேலை செய்த தங்கம் மனிதத் தோலில் வேலை செய்கிறதா என்று பார்த்தார். தோலின் நரம்பு நுனிகளைத் தேடினார்.

மேல்தோலில் அவர் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. கறுத்த சிறு உடல். அதிலிருந்து நாலாபுறமும் நீண்ட கிளைகள். அக்கம்பக்கச் செல்களின் இடுக்குகளுக்குள் நுழைந்த கிளைகள். அப்படி ஒன்றல்ல, பல.

தங்கம் படிந்திருக்கிறது. தங்கம் நரம்பில் படியும். கிளையும் இருக்கிறது. அப்படியானால் நரம்பு செல்லாகத்தான் இருக்க வேண்டும். 1868-இல் விர்ஷோவின் பத்திரிகையில் அப்படியே எழுதினார். அப்போது அவருக்கு வயது 21-ஐ ஒட்டித்தான்.

அது நரம்பு செல் அல்ல. பின்னாளில் காசநோய் கண்டு, ஃப்ரைபர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை விட்டு, அட்லாண்டிக்கின் மடெய்ரா தீவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டும் கடற்புழுக்களை ஆராய்ந்துகொண்டும் வாழ்ந்த லாங்கர்ஹான்ஸ், 1888-இல் 40 வயதில் இறந்தார். தான் பார்த்தது உடலின் நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்த செல் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

* * *

வெற்றிக்குள் ஒரு பாதி

கோன்ஹைம் வென்றது உண்மைக்கான வெற்றி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வெற்றியோடு இன்னொரு முடிவும் யாரும் நிரூபிக்காமலே உள்ளே நுழைந்துவிட்டது என்பது என் கணிப்பு.

சீழ் செல்கள் வெளியிலிருந்து வருகின்றன என்பது சோதித்துக் கண்டது. அதனால் தெளிந்த, நோயற்ற கார்னியாவின் நடுவில் காவலுக்கு ஆளே இல்லை என்பது சோதித்துக் கண்டதல்ல. முதலாவதிலிருந்து இரண்டாவது தானாகப் பிறக்கவும் இல்லை. ஆனாலும் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ உலகம் இரண்டாவதையும் நம்பியது. லாங்கர்ஹான்ஸின் கிளைவிட்ட செல்கள் கார்னியாவின் விளிம்பில் உண்டு. நடுவில் இல்லை என்று நூல்கள் எழுதின. கண்தானத்தில் பெற்ற கார்னியாவை மற்ற உறுப்புகளைப் போல உடல் சட்டென்று நிராகரிக்காததற்கும் அதையே ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

உமி தெறித்த அந்த முதல் மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். விளிம்பிலிருந்து படை கிளம்பி நடுவுக்கு வந்துசேர நேரம் ஆகும். அதுவரை கிருமியை யார் பார்ப்பது? ஆபத்து என்று விளிம்புக்குச் செய்தி அனுப்புவது யார்? நரம்பா? அல்லது அந்தத் தெளிந்த நடுப்பகுதியிலேயே, எந்தச் சாயத்துக்கும் பிடிபடாமல், வேறு சில செல்கள் இருந்துகொண்டே இருந்தனவா? இருந்தன என்றால், அத்தனை நுண்ணோக்கிகளும் அவற்றை ஏன் தவறவிட்டன?

பாஸ்டன் ஆய்வகம் ஒன்றில் 2002-இல் எலியின் கார்னியாவை வைத்து இந்தக் கேள்வியை மீண்டும் எழுப்பினார்கள். அடுத்த வாரம் அங்கே போவோம்.